மின்தூக்கிப் பொத்தானும் மிஸ்ர நடையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நான் வாய் திறக்கும் முன்பே நடுவரின் கை மணியின் மேல் இருக்கிறது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இசைக்கு ஏற்பப் பொத்தானைத் தட்டி ஆடும் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி, 'தாள விளையாட்டுகள் இளையரைக் கெடுக்கின்றன' என்று எதிரணித் தலைவி ஐந்து நிமிடம் பேசினார். நான்கு நிமிடம் புள்ளிவிவரம், ஒரு நிமிடம் கிண்டல். கைதட்டல் எதற்கு வந்தது என்று உங்களுக்கே தெரியும். "பொத்தானைத் தட்டுவது திறமை என்றால், எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அத்தனை பேரும் வித்வான்கள்தான்!" என்றார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். அம்மையாரே, மின்தூக்கிப் பொத்தானை ஒருமுறை தட்டினாலே விளக்கு எரிந்துவிடும். நீங்கள் ஏழெட்டு முறை தட்டுவீர்கள். அது தாளமா? பதற்றம்! நேரம் தப்பித் தட்டினால் மின்தூக்கி உங்களை நொறுக்குமா? 'தம்பர்' நொறுக்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பர் 2016இல் வந்த விளையாட்டு. மார்க் ஃப்ளூரி, பிரையன் கிப்சன் என்று இரண்டே பேர் உட்கார்ந்து செய்தது. கிப்சன் 'லைட்னிங் போல்ட்' இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர், கேட்டால் அண்டை வீட்டார் கதவைத் தட்டும் ரகம். வெள்ளிபோல் மின்னும் ஒரு வண்டு, இருட்டில் ஒற்றைத் தடத்தில் சீறிக்கொண்டு போகிறது. ஒளிக்கட்டை வந்தால் அந்தக் கணத்திலேயே தட்ட வேண்டும். வளைவு வந்தால் பொத்தானை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். விட்டால் சுவரில் மோதும். முதல் மோதலில் ஓடு போகும், இரண்டாவதில் உயிர் போகும். செய்தவர்களே இதற்கு வைத்த பெயர் 'தாள வன்முறை'. ஒளி கண்ணைப் பறிக்கும், மறுக்கவில்லை. மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் கிட்டேயே போகக் கூடாது. இந்த ஒரு புள்ளியை எதிரணிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், இனி கிடைக்காது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரம், பன்னிரண்டாவது மாடி. கூடத்தில் என் மகன் ஒரே வளைவில் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருக்கிறான். அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. என் அப்பா, இளமையில் மிருதங்கம் பயின்றவர், செய்தித்தாளை மடித்து வைத்தார். திட்டப்போகிறார் என்று நான் சமையலறைக்குள் நழுவினேன்.

"தம்பி, நீ நான்காக எண்ணுகிறாய். அது ஏழு" என்றார்.

பையன் திரும்பவில்லை. செத்தான்.

"ஏழு."

மறுபடியும் செத்தான்.

அப்பா நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டார். பார்ப்பதற்கு அல்ல. இரண்டு கண்ணிலும் புரை, அறுவைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். எதிரணி பயப்படும் அந்த ஒளியெல்லாம் அவருக்கு வெறும் புகை. காதால் கேட்டார். தொடையில் தட்டினார்: தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நான்கும் ஏழு. மிஸ்ரம்! நான்கில் ஓடிப் பழகியவனை ஏழில் ஓட விட்டால் வண்டு சாகாமல் என்ன செய்யும்? தாத்தாவின் தொடை ஒரு பக்கம், பேரனின் கட்டைவிரல் ஒரு பக்கம். தகிட, தட்டு. தகதிமி, திருப்பு. பதினோராவது தடவை, அவையோரே, வண்டு தப்பியது! பையன் குதித்தான். கீழ்வீட்டுக்காரர் விட்டத்தை இடித்தார். அதுவும் ஏறக்குறையத் தாளத்தில்தான் இருந்தது.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "வண்டா? நான் ரயில் என்றல்லவா நினைத்தேன்?"

மறுநாள் மின்தூக்கியில் தாத்தா கைப்பிடியில் தட்டுகிறார், பேரன் சுவரில் தட்டுகிறான். பன்னிரண்டு மாடி இறங்குவதற்குள் ஒரு தனி ஆவர்த்தனம். எட்டாவது மாடியில் ஏறிய சீனப் பாட்டி தரைத்தளத்தில் இறங்க மறந்து நின்றார். ஆகவே அம்மையாரே, உங்கள் கிண்டலை நான் மறுக்கவில்லை, வழிமொழிகிறேன். மின்தூக்கியில் வித்வான்கள் உண்டு!

சிந்தனைத் திறன், கவனக் குவிப்பு என்று இன்னும் மூன்று குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன். அவை தாளிலேயே இருக்கட்டும்.

அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். பையன் இப்போது தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறான். சென்ற சனிக்கிழமை முகாமிலிருந்து வந்தவன், காலணியைக் கழற்றிய கையோடு திரையைப் போட்டான். அந்த நாற்காலி அங்கேயேதான் கிடக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை, துவைத்த துணியைக்கூட நான் போடுவதில்லை. அதே வளைவு வந்தது. அவன் உதடு அசைந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, சமையலறை வாசலில் நின்றபடி கரண்டியால் கதவில் தட்டினேன். எனக்குத் தாளம் வராது, அப்பாவுக்கே அது தெரியும்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "அம்மா, அது ஏழு."

நடுவர் அவர்களே, மணியை இப்போது அடிக்கலாம்.