அண்ணே, ஆளுக்கு 267

நேயர்களுக்கு வணக்கம். கச்சேரிக்குப் போனால் நீங்கள் பாடுகிறவரைப் பார்ப்பீர்கள். என் வேலை அவர் தலைக்கு மேலே தொங்குவதைப் பார்ப்பது. விளக்கு, ஸ்பீக்கர், எல்.இ.டி. திரை எல்லாவற்றையும் டிரஸ் என்கிற அலுமினியச் சட்டத்தில் கட்டி, செயின் மோட்டாரில் தூக்கி நிறுத்துவோம். ரிகிங் என்று பெயர்.

நீள ஏணியை மூன்று பேர் தோளில் சுமந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நடு ஆள் கொஞ்சம் உயரமாக இருந்தால் பாரமெல்லாம் அவன் தோளில்தான். குள்ளமாக இருந்தால் சும்மா கூட நடந்து வருவான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை 800 கிலோ டிரஸ். மூன்று மோட்டார், ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும். புதிதாகச் சேர்ந்த பையன் மனக்கணக்குப் போட்டான்: "அண்ணே, ஆளுக்கு 267. தாராளம்!" சரி என்று ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு லோட் செல் மாட்டினேன். கைக்கு அடக்கமான இரும்புத் துண்டு. பாரம் இழுத்தால் மயிரிழையிலும் குறைவாக நீளும், உள்ளே மின்தடை மாறும், அது கிலோவாகி வயர் இல்லாமலே டேப்லெட்டுக்கு வந்துவிடும்.

தூக்கினோம். ஓரங்களில் 95, 95. நடுவில் 610.

"டேப்லெட் கெட்டுப்போச்சாண்ணே?" என்றான். கெடவில்லை. பாரம் சீராகப் பரவி, மூன்றும் ஒரே மட்டத்தில் நின்றாலே நடு மோட்டாருக்கு எட்டில் ஐந்து பங்கு, அதாவது 500 கிலோ. ஓரத்துக்கு 150தான். இங்கே நடு மோட்டார் துளி மேலே நின்றிருந்தது. நம் ஏணிக்காரன்தான்! பட்டனை ஒரே ஒரு தட்டு தட்டி இறக்கினேன். நடுவில் 430, ஓரங்களில் 185. கீழேயிருந்து பார்த்தால் டிரஸ் அப்போதும் நேர், இப்போதும் நேர். முன்பெல்லாம் செயினைக் கையால் ஆட்டி, விறைப்பை வைத்துப் பாரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

2022 ஜூலை 28 அன்று ஹாங்காங் கொலிசியத்தில், மிரர் என்கிற பாடகர் குழுவின் கச்சேரி நடுவே தொங்கிய திரை மேடையில் விழுந்து ஒரு நடனக் கலைஞர் படுகாயமடைந்தார். திரையைத் தாங்கிய கம்பிவடம் தரமில்லாதது என்று அரசு விசாரணையில் தெரிந்தது. தொங்கவிட்ட சாமான்களின் எடையும் காகிதத்தில் காட்டியதைவிட மிக அதிகம். வடம் நைந்திருப்பதை லோட் செல் காட்டாது, உண்மைதான். எடையைக் காட்டும். காகிதத்தை நம்பாதீர்கள் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடமாம். வயர்லெஸ் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். காலி ஹாலில் சிக்னல் அருமையாக வரும். கூட்டம் நிறைந்ததும், மனித உடம்பு, செல்போன், வைஃபை எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிடும். ஆகவே ரிசீவரைத் தலைகளுக்கு மேலே உயரத்தில் வையுங்கள். டேப்லெட்டில் எண் அசையாமல் அப்படியே நின்றால் சந்தேகப்படுங்கள், சிக்னல் அறுந்திருக்கலாம்.

அப்புறம் ஜீரோ பட்டன். செயின் தொய்வாக இருக்கும்போதே அழுத்திவிட வேண்டும். தூக்கிய பிறகு அழுத்தினால் 800 கிலோவும் திரையிலிருந்து மறைந்துவிடும், தலைக்கு மேலே அப்படியே இருக்கும். பேட்டரி பற்றி... இல்லை, நேரமாகிவிட்டது. வணக்கம்.