அம்பாசடர் முன்சீட்டுக்குப் புதுக் கிட் வாங்கினேன், போல்ட் ஏறவில்லை: என்ன செய்வது?

அடுத்த கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது, படித்துவிடுகிறேன். "அண்ணா, அப்பா ஓட்டிய பழைய அம்பாசடரைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். முன்சீட்டுக்கு ரன்னர் (சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம்), போல்ட், வாசர் எல்லாம் சேர்த்துப் புதுக் கிட் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். தரையில் இருக்கும் நட்டில் போல்ட் இரண்டு சுற்று ஏறியதும் நின்றுவிடுகிறது. ஸ்பானரில் பைப் மாட்டி முறுக்கினால் ஏறிவிடும், இல்லையென்றால் ஓட்டையைப் பெரிதாக்கி எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டுவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எது சரி?"

தம்பி, இரண்டுமே வேண்டாம். முதலில் வேலையை நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பழைய போல்ட்டின் தலையை அரை இன்ச் ஸ்பானர் கச்சிதமாகப் பிடித்திருக்கிறது. கிட்டில் வந்த போல்ட்டின் தலையில் 8.8 என்று பலத்தைக் குறிக்கும் எண் அடித்திருக்கிறது, 13 மில்லிமீட்டர் ஸ்பானர் போடுகிறீர்கள். அப்படியென்றால் பழையது இரண்டரை நூல், அதாவது 5/16 இன்ச் போல்ட்டாக இருக்க வேண்டும், புதியது எம்8, அதாவது 8 மில்லிமீட்டர் போல்ட். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்று 7.94 மில்லிமீட்டர், இன்னொன்று 8. ஆனால் மரை, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகுப் பள்ளம், வேறு. 5/16 யூஎன்எஃப் (இன்ச் கணக்கில் நெருக்கமான மரை) என்றால் ஓர் இன்ச்சுக்கு 24 மரை, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.06 மில்லிமீட்டர் அளவு. எம்8-க்கு அது 1.25. ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும், அதனால்தான் இரண்டு சுற்றில் இறுகி நிற்கிறது. இதற்கு மேல் பைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும், அல்லது தரைத் தகட்டில் நட்டைப் பிடித்திருக்கிற வெல்டிங் விட்டுப்போய் நட்டு உள்ளேயே சும்மா சுற்ற ஆரம்பிக்கும். அப்புறம் போல்ட்டை ஏற்றவும் முடியாது, கழற்றவும் முடியாது, தரையை வெட்டித்தான் ஆகவேண்டும்.

ஏன் இப்படி என்றால், அம்பாசடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது சீரிஸ், அது இன்ச் கணக்கில் பிறந்த வண்டி. பிரீமியர் பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, அது ஃபியட் 1100 வழியில் வந்தது, மில்லிமீட்டர் மரை. ஆனால் அம்பாசடர் 2014 வரைக்கும் ஓடிய தயாரிப்பு, நடுவில் எவ்வளவோ மாறியிருக்கிறது, போதாததற்கு உங்கள் வண்டியில் இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டதோ, ஒரு மூலையில் இன்ச்சும் இன்னொரு மூலையில் எம்8-ம் இருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதனால் என் சொல்லை நம்பி வாங்காதீர்கள். மரையின் இடைவெளியை அளக்கும் மரை கேஜ் ஒன்று வாங்கி, நான்கு பழைய போல்ட்டிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். எந்த ஓட்டையிலிருந்து வந்த போல்ட் என்று கவரில் எழுதிப் போட்டு வையுங்கள், பழைய வாசரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, இன்ச் போல்ட் எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டைக்குப் போய்த்தான் தேட வேண்டும் என்பதில்லை. டிராக்டர் ஸ்பேர் கடைக்குப் போங்கள். மாஸி பெர்குசன் டிராக்டரில் இன்றைக்கும் யூஎன்எஃப், யூஎன்சி (இன்ச் கணக்கில் அகலமான மரை) போல்ட்தான் நிறைய. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் இந்தக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. தலையில் மூன்று கோடு இருக்கிற போல்ட்டாகக் கேளுங்கள், அது கிரேடு 5, உங்கள் கிட்டில் வந்த 8.8-க்கு ஏறக்குறைய சமமான பலம். தலையில் எந்தக் குறியும் இல்லாத மொட்டை போல்ட் சீட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

எஸ்எஸ் போல்ட் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது நல்லதென்று எல்லாரும் நினைக்கிறார்கள், நானும் புதுச்சேரியில்தான் இருக்கிறேன், அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரக எஸ்எஸ் போல்ட் 450 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும், 8.8 போல்ட் 640 வரை தாங்கும். இன்னொன்று, எஸ்எஸ் போல்ட்டும் சாதாரண இரும்புத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் போல்ட் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றியுள்ள தகடுதான் அரிக்கும். நமக்குத் தகடு முக்கியம். ஜிங்க் பூசிய கிரேடு போல்ட்டைப் போட்டு, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, அடியில் மெழுகு ஸ்ப்ரே அடித்தால் போதும்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். கிட் எவ்வளவு நல்ல கிட்டாக இருந்தாலும் அது பிடிப்பது தரையைத்தான். 2015 வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் என்று நம் பக்கத்து வண்டிகள் எத்தனை முறை தண்ணீரில் நின்றிருக்கின்றன. தரையில் விரித்திருக்கும் மேட் அடியில் போன தண்ணீர் லேசில் காயாது. அதனால் சீட்டை வெளியே எடுத்துவிட்டு, அந்த மேட், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் தார் ஷீட் இரண்டையும் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் நட்டைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு டங் என்று சொல்லும். துரு தின்ற தகடு மொத்தென்று இருக்கும், சில இடத்தில் முனை அப்படியே உள்ளே இறங்கும், பழுப்புச் செதில் செதிலாக அப்பளம் மாதிரி உதிரும். அந்த இடத்தில் ஃபைபர் மேட்டும் புட்டியும் வைத்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீட் எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை உண்டு, சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையில் இழுத்துப் பார்ப்பார்கள். 20 கிலோ சீட் என்றால் 400 கிலோ. புட்டி அதைத் தாங்குமா?

கெட்டுப்போன பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் கனமுள்ள தகட்டில் ஒட்டுப் போடச் சொல்லுங்கள். நட்டு இருக்கும் இடத்தில் அடியில் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்று, மூன்று இன்ச்சுக்கு இரண்டு இன்ச், மூலைகளை உருட்டி வைத்துப் பற்றவைத்தால் சுமை பரவிப் போகும். நட்டு பூச்சு இல்லாத வெல்ட் நட்டாக இருக்கட்டும், ஜிங்க் பூசியதை வெல்டிங் செய்தால் அந்தப் புகை டிங்கருக்குக் காய்ச்சல் கொண்டுவரும். வெல்டிங்கின்போது ஒரு பழைய போல்ட்டை நட்டில் ஏற்றி வையுங்கள், மரைக்குள் பொறி தெறிக்காது. முடிந்ததும் மரை வெட்டும் டேப் (tap) விட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

கிட்டில் வந்த ரன்னரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தகட்டுக் கனம் குறைந்திருந்தாலோ, பூட்டுப் பல் உருண்டையாக இருந்தாலோ வேண்டாம். பழைய ரன்னர் துருவோடு இருந்தும் பல் கூராக இருந்தால் நான் அதைத்தான் சுத்தம் செய்து போடுவேன்.

மாட்டும்போது நான்கு போல்ட்டையும் கையாலேயே முழுசாக ஏற்றுங்கள், ஸ்பானர் அப்புறம். பெஞ்ச் மாதிரி ஒரே நீளமாக இருக்கும் சீட்டுக்கு இரண்டு ரன்னரும் இணையாக இருக்க வேண்டும், அதனால் முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளி, இரண்டு மூலைவிட்டம், எல்லாவற்றையும் அளவு நாடாவால் அளந்து பாருங்கள். கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கப் பூட்டு விழும், மறு பக்கம் பாதியில் தொங்கும், பிரேக் அடிக்கும்போது சீட் நகரும். சீட்டை முன்னே தள்ளிப் பின் போல்ட்டை இறுக்குங்கள், பின்னே தள்ளி முன் போல்ட்டை. உயரம் சரிசெய்ய ரப்பரோ வாசர் அடுக்கோ வைக்காமல், லேத்தில் ஒரு இரும்பு புஷ் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் லூசாகும்.

சீட் பெல்ட்டும் புதிதாகப் போடப்போவதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதன் போல்ட் பெரும்பாலான வண்டிகளில் 7/16 யூஎன்எஃப், இன்ச்சுக்கு 20 மரை, மெட்ரிக் வண்டியிலும் அதேதான். பெல்ட்டோடு வரும் போல்ட்டையே பயன்படுத்துங்கள், அதற்கும் அடியில் இதே 3 மில்லிமீட்டர் தகடு வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் தரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.