குப்பியைக் குலுக்கிப் பாருங்கள், நடுவர் அவர்களே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"துணி துவைக்கும் சோப்பை இயற்கையான முறையில் வீட்டிலேயே தயாரிப்பது தேவையான உழைப்பா, வீண் உழைப்பா?" என்பது இன்றைய தலைப்பு. தேவையான உழைப்பே என்று பேச வந்திருக்கிறேன். வெறுங்கையோடு வரவில்லை. இதோ, மேசையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகள். இரண்டிலும் ஒரே குழாயில் பிடித்த கடின நீர். அவற்றை அப்படியே வைத்துவிட்டு, முதலில் எதிரணித் தலைவருக்குப் பதில் சொல்கிறேன்.

அவர் என்ன சொன்னார்? "ஒரு சோப்புக் கட்டியைத் துருவினேன், சலவைச் சோடாவும் சமையல் சோடாவும் கலந்து தூளாக்கினேன், மூன்று மாதம் அதில்தான் துவைத்தேன். வெள்ளைத் துண்டு சாம்பல் நிறமாகிவிட்டது, தண்ணீரை உறிஞ்சவும் மறுத்துவிட்டது" என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என் வீட்டுத் துண்டுக்கும் அதே கதிதான் வந்தது. தடவிப் பார்த்தால் மெழுகு பூசியது போல ஒரு வழவழப்பு. குளித்துவிட்டுத் துடைத்தால் ஈரம் துண்டில் இறங்காமல் உடம்பிலேயே நின்றது. அப்படியானால் எங்கள் இருவருக்கும் எங்கே தவறியது?

முதல் குப்பியைப் பாருங்கள். இதில் துருவிய சோப்பைச் சிறிது போட்டிருக்கிறேன். இதோ குலுக்குகிறேன். நுரை எழுந்து அப்படியே அடங்குகிறது. நீர் பால் போலக் கலங்கி, மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதக்கின்றன. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்தவுடன் கரையாத படிவமாகத் திரிந்துவிடுகிறது. அழுக்கைப் பிடிக்க வேண்டிய சோப்பே அழுக்காகி, துணியின் இழைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அவர் போட்ட ஒரு கரண்டித் தூளில் இருந்த சோடா அந்த நீரைத் திருத்தப் போதவில்லை. துண்டு நரைத்ததற்குக் காரணம் இதுதான்.

இதுவரை அவரும் நானும் ஒரே கட்சி. இதிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் எனக்கு வழக்கு. "ஆகவே வீட்டுத் தயாரிப்பே வீண்" என்கிறார். யாருடைய நீருக்கோ எழுதிய செய்முறையைத் தன் நீரில் கரைத்துவிட்டு, பழியை வீட்டின் மேல் போடலாமா? துவைக்கும் வேலையில் பாதியைத் தண்ணீர்தான் செய்கிறது. தன் வீட்டு நீர் மென்மையா கடினமா என்று தெரியாமல் எந்தத் தூளைப் போட்டாலும் அது குருட்டு வேலைதான். வீட்டில் தயாரிக்க உட்காருகிறவர் முதலில் இந்தக் குப்பியைத்தான் குலுக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தைத்தான் நான் தேவையான உழைப்பு என்கிறேன்.

இப்போது இரண்டாவது குப்பி. அதே நீர், ஆனால் சோப்பு இல்லை. பூந்திக்கொட்டைச் சாறு மட்டும். குலுக்குகிறேன், பாருங்கள். நுரை நிற்கிறது, நீர் திரியவில்லை. பூந்திக்கொட்டையின் ஓட்டில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அது கொழுப்பு அமில உப்பு அல்ல. ஆகவே கால்சியத்தைக் கண்டு திரிவதில்லை. நுரை வந்தாலே சுத்தம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. திரியவில்லை என்பதற்குத்தான் இந்த நுரையைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க எதுவும் இல்லை. கொட்டையை நீக்கிய ஓடு 50 கிராம், நீர் 1 லிட்டர். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்க வையுங்கள். பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், கொதி வந்ததும் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். ஆறிய பிறகு கையால் பிசையுங்கள். அந்தப் பிசைதல்தான் முக்கியம். காய்ந்து சுருங்கிக் கிடந்த ஓடு விரலுக்கிடையில் வழுக்கும், பழுப்புச் சாறு கையில் நுரைத்து வரும், லேசாகப் புளித்த மணம் அடிக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு வாளித் துணிக்கு 100 மில்லி அளவில் தொடங்கிப் பாருங்கள். குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் கெட்டுப்போகும். சோடாவின் காரம் தாங்காத பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தச் சாறு ஒன்றே போதும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் எழுந்து, "பூந்திக்கொட்டை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்குமா?" என்று கேட்டார். தனியாக எடுக்காது. ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் சலவைச் சோடா இருக்கிறது. பருத்தித் துணியை ஊற வைக்கும் வெந்நீரில் முதலில் சோடாவைக் கரையுங்கள். அது கால்சியத்தைச் சுண்ணாம்புக்கல் தூளாகப் பிரித்து நீரை மென்மையாக்கும், பிசுக்கையும் இளக்கும். பூந்திச் சாறு அதன் பிறகுதான். சலவைச் சோடா கிடைக்கவில்லையா? சமையல் சோடாவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 200 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி அது சலவைச் சோடாவாக மாறிவிடும். 168 கிராம் வைத்தால் சுமார் 106 கிராம் மிஞ்சும். தராசில் நிறுத்து அந்த எடைக் குறைவைப் பார்த்தபோது, பள்ளியில் நெட்டுருப் போட்ட வேதியியல் எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: சலவைச் சோடா நல்ல காரம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி, கறை நிலைத்துவிடும். வெள்ளைப் பருத்தியில் பழச்சாற்றுக் கறை இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுக்கும் தூள். 40 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் அது நன்றாக வேலை செய்து, கடைசியில் சோடாவும் நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுகிறது. "அது தொழிற்சாலைப் பொருள்தானே" என்பீர்கள். ஆம். என்ன போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்று தெரிந்து போடுகிறோம் அல்லவா? என் வாதம் அந்தத் தெரிதலைப் பற்றியது.

"கடைத் தூளில் துவைத்தால் பளிச்சென்று இருக்கிறதே!" என்று அவர்கள் பக்கம் கைதட்டல் வாங்கினார்கள். அந்தப் பளிச்சை இப்போது பிரித்துப் பார்ப்போம். பல தூள்களில் ஒளியூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, நீல ஒளியாக உமிழும். மஞ்சள் நிறம் மறைந்து வெண்மை கூடியது போலத் தெரியும். அந்தப் பொருள் ஒரு துளி அழுக்கையும் அகற்றுவதில்லை. அது துணியிலேயே தங்குவதற்காகச் சேர்க்கப்படும் ஒரு சாயம். வெண்மை வேறு, சுத்தம் வேறு.

அப்புறம் வாசனை. என் மகளின் முழங்கை மடிப்பிலும் கழுத்தைச் சுற்றியும் அரிப்பு வந்து தோல் தடித்தபோது, மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "துணிக்கு என்ன போடுகிறீர்கள்?" என்பதுதான். ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சிக்கு வாசனைப் பொருட்கள் மிகப் பரவலான காரணங்களில் ஒன்று. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். "வாசனைப் பொருள்" என்று ஒற்றைச் சொல் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருட்கள் என்று எனக்கு யார் சொல்வது? வாசனை சேர்க்காத தூளும் கடையில் உண்டு என்று எதிரணி சொல்லும். உண்டு, வாங்குகிறவர்கள் வாங்கட்டும். குழந்தையின் தோலில் உரசும் துணியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நானே பதில் சொல்ல முடிகிற நிலையை நான் தேர்ந்தெடுத்தேன்.

வாளியிலிருந்து நாம் கொட்டும் நீர் எங்கே போகிறது என்பதையும் பேச வேண்டும். 1950களில் செயற்கைச் சலவைப் பொருள்கள் பெருகியபோது, நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாத மூலக்கூறுகள் ஆறுகளில் நுரை மலைகளாக நின்றன. அவற்றை மாற்ற 1960கள் வரை ஆயிற்று. அடுத்து வந்தது பாஸ்பேட், நீரை மென்மையாக்கச் சலவைத் தூளில் சேர்த்த பாஸ்பரஸ் உப்பு. அது நீர்நிலையை என்ன செய்யும் என்று அறிய, கனடாவில் 226ஆம் எண் ஆய்வு ஏரியை ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார்கள். 1973இல் பாஸ்பரஸ் இட்ட பாதி மட்டும் பாசியால் பச்சையாகிக் கிடந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் திரைக்கோடு கத்தியால் வெட்டியது போலத் தெரிகிறது. வீட்டுச் சலவைத் தூளில் பாஸ்பரசுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல். இடையில் நாற்பது ஆண்டுகள்! நம் வீட்டு அடுப்பில் கொதிப்பதில் பாஸ்பேட் வேண்டாம் என்று முடிவெடுக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும், நடுவர் அவர்களே?

இங்கே என் அணியினருக்கும் ஒரு சொல். இயற்கை என்ற பெயர் ஒட்டிய எல்லாம் அமுதம் அல்ல. சப்போனின் மீனுக்கு நஞ்சு, பூந்திச் சாற்றைக் குளத்திலோ ஓடையிலோ நேராகக் கொட்டாதீர்கள். வெங்காரத்தை, அதாவது போராக்ஸை, பல செய்முறைகள் சொல்கின்றன. இனப்பெருக்க நலத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திய பொருள் அது, நான் அதைத் தொடுவதில்லை. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்து, மிஞ்சுவது உப்புக் கரைசல்தான். குளோரின் வெளுப்பானில் வினிகர் ஒருபோதும் படக்கூடாது, நச்சு வாயு வரும். எதிரணி இவற்றையெல்லாம் ஆபத்துப் பட்டியலாகப் படித்தது. எனக்கு இவை கையில் கரண்டியை எடுப்பதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது அவர்களின் கடைசி அம்பு. ஓடு ஊறுவது நாம் தூங்கும்போது. கொதிப்பது காலை வேலைகளுக்கு நடுவில். பிசைந்து வடிகட்டப் பத்து நிமிடம். வாரத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். நரைத்த அந்தத் துண்டை நான் எறியவில்லை. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து இரவு முழுவதும் ஊற வைத்தேன். காலையில் வாளி நீர் கலங்கி, மேலே ஆடை படர்ந்திருந்தது. இரண்டு முறை அலசிக் காயப்போட்டேன். அந்தத் துண்டையும் கொண்டு வந்திருக்கிறேன், இதோ குப்பிகளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதுவதற்கு முன், இரண்டு குப்பிகளையும் தங்கள் கையால் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள். கை நனைந்தால் துடைத்துக்கொள்ள இந்தத் துண்டு இருக்கிறது.

நன்றி, வணக்கம்.