தாகூரும் தபால்காரர்களும்

நேயர்களுக்கு வணக்கம். தாகூரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். தாகூர் என்றதும் வெள்ளைத் தாடி, கீதாஞ்சலி, 1913-இல் நோபல் பரிசு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதை விட்டுவிட்டு, இன்றைக்குத் தபால் நிலையத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

1861-இல் கல்கத்தா ஜோராசாங்கோவில் பிறந்தவர் தாகூர். முப்பது வயதை ஒட்டி, குடும்பத்து ஜமீன் நிலங்களைக் கவனிக்கக் கிழக்கு வங்காளத்துக்குப் போனார். ஷிலைதஹா, ஷாஜாத்பூர், பதிசர் என மூன்று இடங்கள். மூன்றும் இன்று வங்கதேசத்தில் இருக்கின்றன. ‘பத்மா’ என்ற படகு வீட்டில் ஆற்றோடு போய்வந்து கணக்கு வழக்குகளைப் பார்த்தார். அங்கிருந்து அண்ணன் மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவே, என்னைக் கேட்டால் கீதாஞ்சலிக்கு முன்னால் அவற்றைத்தான் படிக்கச் சொல்வேன்.

1892-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இப்படி வருகிறது. அன்று மாலை காளிதாசனைப் படிப்பது என்று முடிவு. விளக்கேற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், வந்து நின்றது உள்ளூர் போஸ்ட்மாஸ்டர்! செத்துப்போன கவிஞனைவிட உயிரோடு இருக்கும் போஸ்ட்மாஸ்டருக்கு உரிமை அதிகம் அல்லவா? காளிதாசன் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஊர்த் தபால் நிலையம் ஒரு காலத்தில் ஜமீன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. அதை வைத்துத் தாகூர் ஒரு கதையும் எழுதியிருந்தார். அது அச்சில் வந்ததைப் பற்றிப் பேசும்போது அந்த மனிதர் வெட்கத்தோடு சிரித்தாராம்.

அந்தக் கதைதான் ‘போஸ்ட்மாஸ்டர்’. கல்கத்தாக்காரர் ஒருவருக்குக் குக்கிராமத்தில் வேலை. வீட்டு வேலைக்கு ரத்தன் என்ற அநாதைச் சிறுமி. பொழுது போகாமல் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது அவள்தான் தாயாக இருந்து பார்த்துக்கொள்கிறாள். பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார். “என்னையும் கூட்டிப் போவீர்களா?” என்று அவள் கேட்க, “அது எப்படி முடியும்!” என்று சிரிக்கிறார். அவ்வளவுதான். படகு நகர்ந்த பிறகு திரும்பிப் போகலாமா என்று அவருக்கும் தோன்றுகிறது. அதற்குள் பாயில் காற்று ஏறிவிட்டது. உலகத்தில் யாருக்கு யார் சொந்தம் என்று தத்துவம் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார். ரத்தனுக்கு அந்தத் தத்துவம் தெரியாது. அழுதுகொண்டே தபால் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

அதே வட்டாரத்தில் ககன் ஹர்கரா என்று ஒருவர் இருந்தார். தபால் கொண்டுபோவது அவர் தொழில், பாவுல் என்ற வங்கத்து நாடோடிப் பாடகர்களின் பாட்டு அவர் உயிர். மனதுக்குள் இருப்பவனை எங்கே போய்த் தேடுவேன் என்று அவர் பாடிய மெட்டைத்தான் 1905-இல், வங்கப் பிரிவினையின்போது, ‘ஆமார் சோனார் பாங்லா’வுக்குத் தாகூர் எடுத்துக்கொண்டார். இன்று வங்கதேசத்தின் தேசிய கீதமாக ஒலிப்பது அந்தத் தபால்காரரின் ராகம்.

அப்புறம், 1911-இல் ‘டாக் கர்’, அதாவது ‘தபால் நிலையம்’ என்ற நாடகம். அதற்கு முந்தைய பத்து வருடத்தில் மனைவி, ஒரு மகள், அப்பா, கடைக்குட்டி மகன் எல்லாரையும் பறிகொடுத்திருந்தார். நாடகத்தில் நோயாளிச் சிறுவன் அமல் வெளியே போகக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரரிடமும் காவல்காரரிடமும் பேசுகிறான். எதிரே புதிதாகத் தபால் நிலையம் திறந்திருக்கிறது. ராஜாவிடமிருந்து தனக்கும் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். அப்படிக் காத்திருந்தே கடைசியில் அமைதியாகக் கண்மூடுகிறான்.

தாகூர் 1941-இல் காலமானார். மறு வருடம் ஜூலை 18 அன்று, போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஷ் கோர்ச்சாக் என்ற டாக்டர் நடத்திய அநாதை இல்லத்துக் குழந்தைகள் இந்த நாடகத்தை நடித்தார்கள். எதற்கு இந்த நாடகம் என்று கேட்டவர்களிடம், மரணத்தை அமைதியாக ஏற்கக் குழந்தைகள் பழக வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்தக் குழந்தைகளை டிரெப்ளிங்கா என்ற நாஜிக் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். தப்பிக்க வழி கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோர்ச்சாக்கும் அவர்களோடு போனார்.