முன்னால் ஒரு 2

வணக்கம் நேயர்களே. இரசாயனச் சமன்பாட்டைச் சமப்படுத்து என்றதும் சாதாரண தரப் பிள்ளைகள் பலருக்குக் கை நடுங்கும். ஒவ்வொரு வகை அணுவும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வரச் செய்வதுதான் சமப்படுத்துவது. எண்ணத் தெரிந்தால் போதும், நடுங்கத் தேவையில்லை. கரும்பலகை இல்லாமல் சொல்ல வசதியான உதாரணம் ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது.

பரந்தனில் போருக்கு முன் ஓடிய இரசாயனத் தொழிற்சாலையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்திலேயே ஆனையிறவு உப்பளம். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் மூன்றும் வரும். எரிசோடா சவர்க்காரத்துக்குப் போகும். குளோரீன் குடிதண்ணீரைச் சுத்தமாக்கும். கிணற்றுக்கு மருந்து போட்ட அன்று ஒரு நெடி வருமே, அது இந்தக் குளோரீனின் வேலைதான். அந்தத் தொழிற்சாலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன், சரி, கணக்குக்கு வருவோம்.

இடப்பக்கம் உப்பும் தண்ணீரும். உப்பில் சோடியம் ஒன்று, குளோரீன் ஒன்று. வலப்பக்கத்துக் குளோரீன் வாயுவோ இரண்டு அணுவாகத்தான் இருக்கும். இடப்பக்கம் ஒன்று குறைகிறது. உடனே பிள்ளைகள் உப்பின் குறியீட்டுக்குள் கையை வைத்து, குளோரீனுக்குக் கீழே சின்னதாக 2 போட்டுவிடுவார்கள். கூடாது! அப்படியொரு உப்பு ஆனையிறவில் விளையாது. தண்ணீரில் ஒட்சிசனுக்குக் கீழே 2 போட்டுப் பாருங்கள், அது புண் கழுவுகிற ஐதரசன் பரவொட்சைட்டு ஆகிவிடும். குடிக்க முடியுமா? நெல் மூட்டையின் எண்ணிக்கையைக் கூட்டலாம், மூட்டையைப் பிரித்து உள்ளே கலக்கக் கூடாது. கீழேயுள்ள சின்ன இலக்கத்தைத் தொடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், தொடாதீர்கள்.

ஆகவே உப்புக்கு முன்னால் 2. இப்போது சோடியமும் இரண்டாகிவிட்டது. எரிசோடாவில் சோடியம், ஒட்சிசன், ஐதரசன் ஒவ்வொன்றுதான், ஆகவே அதற்கு முன்னாலும் 2. அதனால் வலப்பக்கம் ஒட்சிசன் இரண்டு வந்துவிட்டதால் தண்ணீருக்கும் 2. ஐதரசனை எண்ணுங்கள்: இடப்பக்கம் 4. வலப்பக்கம் எரிசோடாவில் 2, ஐதரசன் வாயுவில் 2. சரிதானே?

சமையல் எரிவாயு எரிவதையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக: முதலில் காபன், அடுத்து ஐதரசன், தனியே நிற்கும் ஒட்சிசன் கடைசியில். அந்த எரிவாயுவில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேனுக்கு ஒட்சிசன் 5 என்று நேராக வரும். பியூட்டேனுக்கு ஆறரை வரும், எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடுங்கள், 13 ஆகிவிடும். வணக்கம்.