சாரோஸ் வளைகுடாவில் தனியாக நீந்திய பெர்னார்ட் ஃப்ரேபெர்க்

வணக்கம் நண்பர்களே. முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காகப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தின் எதிரே நின்று பேசுகிறேன். அதே போரில் எதிரணியை ஏமாற்றத் தன் நீச்சலையே ஆயுதமாக்கிய பெர்னார்ட் ஃப்ரேபெர்க்கைப் பற்றி இன்று சொல்ல வேண்டும்.

1889-இல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த அவர், 1906-இலும் 1910-இலும் அந்நாட்டின் 100 கெஜ நீச்சல் சாம்பியன். தொழிலால் பல் மருத்துவர். 1914-இல் பிரிட்டிஷ் கடற்படையினர் தரையில் போரிட அமைத்த ராயல் நேவல் டிவிஷனில் சேர்ந்தார்.

1915 ஏப்ரல் 24 இரவு. மறுநாள் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் படைகளை இறக்கவிருந்ததால், வடக்கே சாரோஸ் வளைகுடாவின் புலாயர் கரையில்தான் தாக்குதல் வரும் என்று துருக்கியரை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதற்காகச் சில வீரர்களைக் கரையில் இறக்கித் தீப்பந்தங்களைக் கொளுத்துவதாக இருந்த திட்டத்தை ஃப்ரேபெர்க் ஏற்கவில்லை. இத்தனை பேர் சாக வேண்டியதில்லை, நீந்தத் தெரிந்த ஒருவன் போதும் என்று சொல்லித் தானே புறப்பட்டார். உடம்பெங்கும் எண்ணெய் பூசி, கருஞ்சாயம் தடவி, பந்தங்கள் அடங்கிய நீர்புகாப் பையை இழுத்தபடி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீந்திக் கரையேறினார். மார்கழி விடியலிலும் வெதுவெதுப்பாக இருக்கும் நம் வங்கக் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு, ஏப்ரல் மாதச் சாரோஸ் வளைகுடாவின் குளிர் எளிதில் பிடிபடாது. கை விறைத்துப்போன நிலையில், இருட்டில், பந்தத்தை நனையாமல் பற்றவைப்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்! முதல் பந்தத்தைக் கொளுத்தியதும் மீண்டும் கடலில் இறங்கி, கரையோரமாகவே நீந்திச் சென்று அடுத்தடுத்த பந்தங்களை ஏற்றினார். ஊர்ந்து போய்ப் பார்த்தபோது, அங்கிருந்த பதுங்கு குழிகள் வெறும் போலி என்பதையும் கண்டறிந்தார். திரும்பி நீந்திய அவரை நடுக்கடலில் படகு மீட்டது. இதற்காக டி.எஸ்.ஓ. என்னும் பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது.

1916 நவம்பரில் பிரான்சின் போகூர் கிராமத்தைக் கைப்பற்றிய சண்டையில் பலமுறை காயமடைந்தும் களம் நீங்காததற்காக விக்டோரியா சிலுவை பெற்றார். அதுவே அவருடைய மிக உயர்ந்த விருது. ஆனால், பிறர் உயிரைக் காக்கத் தனியே போன அந்த இரவைத்தான் நான் உயர்வாக வைப்பேன். பின்னர் இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்துப் படைக்குத் தலைமை தாங்கி, 1946 முதல் 1952 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார்.

இரு போர்களுக்கும் இடையில், 1925-இல், அத்தனை காயங்கள் பட்ட அதே உடம்போடு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றார்; டோவர் கரையை நெருங்கிய பிறகும் எதிர் நீரோட்டம் அவரைக் கரை சேர விடவில்லை.