விடாமல், தளராமல், அசராமல்

நேயர்களுக்கு வணக்கம்.

'விடாமுயற்சி' என்ற சொல்லில் எடை எங்கே இருக்கிறது? பின்னால் வரும் 'முயற்சி'யில் இல்லை, முன்னால் நிற்கும் 'விடா'வில் இருக்கிறது. விடாத முயற்சி. 'த' என்ற ஈறு கெட்டதால் இலக்கணத்தில் இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர். பெயர் நீளம்தான். ஆனால் 'எதிர்மறை' என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் இந்தக் குணத்தைக் குறிக்கும் சொற்களில் பல, ஒன்றை மறுத்தே பிறந்தவை. விடாமை, தளராமை, அயராமை, சலியாமை, அசராமை. திருக்குறளில் 60 முதல் 63 வரை உள்ள நான்கு அதிகாரத் தலைப்புகளும் இந்தக் குணத்தைச் சுற்றியவைதான்: ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை. இரண்டு உடைமை, இரண்டு மறுப்பு.

எதை மறுக்கிறோம் என்பதில்தான் சொல்லுக்குச் சொல் வேறுபாடு. 'அயர்தல்' உடம்பின் களைப்பு. அயர்ந்து தூங்கினான் என்கிறோம் அல்லவா? அதனால் 'அயராமல்' உழைப்போடு ஒட்டும். 'சலித்தல்' களைப்பு அல்ல, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் வெறுப்பு. ஒரே கணக்கைப் பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் 'சலிக்காமல்' சொல்லிக்கொடுத்தார். அங்கே 'அயராமல்' என்று போட்டால் அவருடைய பொறுமை மறைந்து உழைப்பு மட்டும்தான் தெரியும். 'தளர்தல்' கட்டு நெகிழ்வது. ஆகவே 'மனம் தளராமல்' என்று எழுத, முன்னால் ஒரு தோல்வியோ தடையோ இருக்க வேண்டும். முதல் முயற்சியிலேயே வென்றவரை 'மனம் தளராமல் வென்றார்' என்று எழுதுகிறார்கள். தளர அவருக்கு நேரமே வாய்க்கவில்லையே! வேதாளக் கதைகளில் விக்கிரமன் 'சற்றும் மனம் தளராத' விக்கிரமன் ஆவது, கையில் கிடைத்த வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய பிறகுதான். 'அசராமல்' என்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்: எத்தனை குறுக்குக் கேள்வி கேட்டாலும் அசராமல் பதில் சொன்னாள்.

'விடாமல்' மட்டும் மனம் தேவைப்படாத சொல். மழையும் விடாமல் பெய்யும், இருமலும் விடாமல் வரும். மனவலிமையைச் சொல்ல இது மட்டும் போதாது. முயற்சி என்ற சொல் பக்கத்தில் வந்து சேர வேண்டும். 'ஓயாமல்' இன்னும் வழுக்கலானது. ஓயாமல் உழைத்தார் என்றால் புகழ்ச்சி. ஓயாமல் பேசினார் என்றால் கேட்டவர் பாவம்.

இனி 'பிடி'யில் பிறந்தவை. விடாமை பெரும்பாலும் புகழ்ச்சி, பிடித்தல் பெரும்பாலும் குறை. செயல் என்னவோ ஒன்றுதான்! பிடிவாதம், அடம், முரண்டு, வீம்பு ஆகிய நான்கையும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றாகப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அடத்துக்கு ஒரு வேண்டுதல் உண்டு: பொம்மை வேண்டும் என்று குழந்தை அடம் பிடிக்கும். முரண்டில் இருப்பது மறுப்பு: வண்டியில் பூட்டப் போனால் மாடு முரண்டு பிடிக்கும். வீம்புக்குத் தேவை ஓர் எதிராளி. தனக்கு நட்டம் என்று தெரிந்தும், அவன் முன்னால் தாழக் கூடாது என்பதற்காகச் செய்வது வீம்பு. அதனால்தான் 'வீம்புக்கு' என்று நான்காம் வேற்றுமை போட்டுச் சொல்கிறோம். பிடிவாதத்தில் வாதம் இருக்கிறது. தன் பக்கம் நியாயம் உண்டு என்று பிடிவாதக்காரர் நம்புகிறார்.

'விடாப்பிடி' நடுவில் நிற்கும் சொல். விடாப்பிடியாக நின்று வாங்கினார் என்பது புகழா, பழியா என்பதைக் குரல்தான் சொல்லும். எழுதும்போது 'ப்' மிக வேண்டும், 'விடாபிடி' பிழை. 'விடாமுயற்சி'யில் ஒற்று மிகாததற்குக் காரணம், ம வல்லினம் அல்ல.

'வைராக்கியம்' வந்த வழி விசித்திரமானது. வடமொழியில் அது பற்றின்மை, ஆசை அற்ற நிலை. தமிழ்ப் பேச்சில் அந்தப் பற்றின்மையே ஒரு பற்றாகிவிட்டது. ஆனாலும் பழைய சாயல் முழுக்கப் போகவில்லை. 'இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்' என்று வைராக்கியமாக இருப்பார்கள்; பெரும்பாலும் ஒன்றைச் செய்யாமல் இருப்பதில்தான் வைராக்கியம். நிலைக்காத உறுதிக்கும் இதே சொல்தான்: சுடுகாட்டில் தோன்றி வீடு திரும்புவதற்குள் மறைவது மயான வைராக்கியம்.

'உறுதி'யின் பொருளை அதோடு சேரும் வினை மாற்றிவிடும். உறுதி எடுத்தால் சபதம், அளித்தால் வாக்கு, செய்தால் சரிபார்ப்பு. மனத்தின் வலிமையைக் குறிக்க 'மன உறுதி' என்று அடை கொடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, 'முயற்சிக்கிறேன்'. வினைச்சொல் 'முயல்'. அதிலிருந்து வந்த பெயர் முயற்சி. அந்தப் பெயரை மறுபடி வினையாக்குகிறோம். பயில் என்பதிலிருந்து பயிற்சி வந்தது, 'பயிற்சிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லையே. 'முயல்கிறேன்' அல்லது 'முயற்சி செய்கிறேன்' போதும். காதுக்கு முயல் என்ற விலங்கு நினைவுக்கு வருவதால் சிலர் தயங்குகிறார்கள் போலும். ஆனால் திருமணத்துக்கு அழைக்கும்போது ஒருவர் 'வர முயற்சி பண்றேன்' என்றால், அவருக்கு இலையைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

இன்னொன்று: 'நான் விடாமுயற்சி உடையவன்' என்று தன்னைப் பற்றி யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. அது பிறர் சொல்ல வேண்டிய சொல். தன்னைப் பற்றிப் பேசும்போது, 'எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் ஜாஸ்தி' என்பார்கள், லேசான பெருமையோடு.